கட்டிலுக்கு அடியில் பாப்பா

என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, எல்கேஜி படிக்கும் எங்கள் மகள் ராத்திரித் தூக்கத்தைக் கைவிட்டாள். படுத்த உடனே தூங்கிவிடுவாள், அதில் குறையில்லை. தெருவெல்லாம் அடங்கிய பிறகுதான் எழுந்து உட்காருவாள். அழ மாட்டாள், தண்ணீர் கேட்க மாட்டாள், ஒண்ணுக்கு வருகிறது என்றும் சொல்ல மாட்டாள். கட்டிலைவிட்டு இறங்கி, தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பாள். பிறகு மேலே ஏறி வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்து எழுப்பி, "அப்பா, இன்னும் வரலை" என்பாள்.

யார் வரவில்லை என்று கேட்டால், பாப்பா வரவில்லை என்பாள். பாப்பா வரும், நீ தூங்கு என்றால், தூங்கினால்தான் வந்துவிடுமே என்று பதில் வரும். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற நிலையில் இல்லை. முதுகில் தட்டிக்கொடுத்துப் படுக்க வைப்பேன். கொஞ்ச நேரம் படுத்திருப்பாள். நான் கண்ணை மூடியதும் மறுபடி இறங்குவாள்.

மனைவிக்கு அந்த மாதங்களில் தூக்கமே பெரிய பாடு. ஒரு பக்கம் திரும்பிப் படுப்பதற்குள் பாதி இரவு போய்விடும். பகலில் சும்மா இருப்பவளும் இல்லை. தளவாய்புரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிறு மேசையில் இடிக்கிறது என்று தையல் மெஷினை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டித் தைப்பாள். அதனால் ராத்திரி மகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நாங்கள் பேசாமலே முடிவாகியிருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மனைவிக்கு ஏழாம் மாதம் ஆனதும் கெஞ்சிக் கூத்தாடி ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாறியிருந்தேன், ராத்திரி வீட்டில் இருக்கலாமே என்று. வீட்டில்தான் இருந்தேன். ஆனால் நைட் ஷிஃப்ட் பார்த்த நாட்களில்கூட அப்படிச் சோர்ந்ததில்லை. அந்த நாட்களில் என் புத்தி எங்கே இருந்தது என்பதற்கு மில்லில் சாட்சிகள் உண்டு. ஒருநாள் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்புப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். இன்னொரு நாள் சாப்பாட்டுப் பையைத் திறந்தால், மகளின் ரோஸ் நிற டிபன் பாக்ஸில் ஒரு குட்டி இட்லியும் நாலு திராட்சையும் இருந்தன. என் தூக்குவாளி சாம்பார் சாதம் பள்ளிக்கூடம் போயிருந்தது. மதியம் செத்த நேரம் கண்ணயரலாம் என்று பஞ்சு குடோனில் பேல் பொதிகளுக்கு நடுவே சாய்ந்தவன், சாயங்காலம் தலை, மீசை, புருவமெல்லாம் பஞ்சாக எழுந்து வந்தேன். வாசலில் இருந்த வாட்ச்மேன் என்னை அடையாளம் தெரியாமல் ஐயா யாரு என்று கேட்டார். பிறகு விடவே இல்லை, ஒரு வாரம் என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டார்.

சோர்வு அளவு மீறிப் போனால் சிரிப்பாக மாறிவிடும் போலிருக்கிறது. காலையில் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாலே சிரிப்போம். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு இருவருமே குடித்துமுடித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். சிரித்தால் அவளுக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டும். எழுந்து போக என் கையைப் பிடிப்பாள். பாதி வழியில் மறுபடி சிரிப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மகளைத் தூங்கவைக்க ஆளாளுக்கு வழி சொன்னார்கள். மதியத் தூக்கத்தை நிறுத்திப் பார்த்தோம். சாயங்காலமே சோற்றுத் தட்டில் முகத்தை வைத்துத் தூங்கினாள், ராத்திரி வழக்கம்போல் எழுந்தாள். படுக்கும்போது சூடாகப் பால் கொடுத்தோம். எழுந்து கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பால் கேட்டாள். பேய் பூதம் என்று பயப்படுகிறாளோ என்று கட்டிலுக்கடியில் ஒரு சின்ன லைட் மாட்டினேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். இப்போது தலையை நுழைக்காமலே நன்றாகத் தெரிகிறது என்றாள். பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மூன்று தரம் சுற்றிப் போட்டார். அந்த நெடியில் வீட்டில் எல்லோருக்கும் இருமல் வந்து அன்று ராத்திரி யாருமே தூங்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது ஆட்டோ டிரைவர் மூலமாக. மகளையும் தெருப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறவர். ஒருநாள் காலையில் மகளை ஏற்றிவிட்டுத் திரும்பியவனை, அண்ணாச்சி என்று கூப்பிட்டு ஓரமாக அழைத்துப் போனார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ரெண்டும் பயலுவ. அதனால பொம்பளப் பிள்ளையா பாத்து ஒதுக்கச் சொல்லி பாப்பாட்ட சொல்லிருக்கேன். நீங்களும் செத்த ஞாபகம் வச்சுக்கோங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதை ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஆறு பாப்பா பிறக்கப் போகிறதாம். ஒன்று எங்களுக்கு. ஒன்று அவருக்கு. எல்கேஜி மிஸ்ஸுக்கு ஒன்று சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூட முக்கில் பூ விற்கும் அம்மாவுக்கு ஒன்று. என் மில் வாட்ச்மேனுக்கும் ஒன்று உண்டு. அவருக்கு முடி நிறைய உள்ள பாப்பாதான் வேண்டுமாம், அவருக்குத் தலையில் முடியில்லை என்பதால். இன்னும் ஒன்று யாருக்கு என்று முடிவாகவில்லை, கேட்டால் யோசிக்கலாம் என்று என் மகள் ஆட்டோவில் தினமும் பேசிக்கொண்டு போகிறாளாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு நாய்.

பக்கத்து வீட்டு அக்கா வெள்ளை வெளேரென்று ஓர் உள்ளூர் ஜாதி நாய் வளர்த்தார். சில மாதம் முன்பு ஒருநாள் ராத்திரி அது அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து ஆறு குட்டி போட்டது. முந்தின நாள் சாயங்காலம்வரை அதன் கூடவே விளையாடியவள் என் மகள். காலையில் எழுந்து போனால் கட்டிலுக்கடியில் ஆறு குட்டிகள். எப்படி வந்தது என்று கேட்டவளிடம் அக்கா, நீ தூங்கும்போது வந்துருச்சு தங்கம் என்றார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். நாலு வயதுக் குழந்தையிடம் வேறென்ன சொல்வது?

குட்டிகள் வளர்ந்து ஓடியாடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்குப் போயின. மூக்கு நுனி ரோஸாக இருந்த குட்டி ஒன்றின்மேல் இவளுக்கு உயிர். அதைத் தளவாய்புரத்து அண்ணன் கேட்டிருந்தார். என் மனைவி தைக்கிற நைட்டிகளை எடுத்துப்போக விடிகாலையில் பைக்கில் பெரிய பையோடு வருகிறவர் அவர். ஒருநாள் நைட்டிகளை எடுத்துக்கொண்டு, அப்படியே பக்கத்து வீட்டுக் குட்டியையும் பைக்குள் வைத்துத் தலை மட்டும் வெளியே தெரியக் கொண்டுபோய்விட்டார். மகள் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து, குட்டியைத் தேடி, அழுது, சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனாள். மறுநாள் மறந்துவிட்டாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்று மில்லுக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குள் திரும்பி ஓடினேன். மனைவியிடம் சொன்னேன். ஆறு என்றதும் அவள் மெஷினை நிறுத்தினாள். ஆட்டோக்காரருக்குப் பெண் பிள்ளை என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேனின் முடியைச் சொன்னதும் போதும் நிறுத்துங்க, இப்பவே பிறந்துவிடும் என்றாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தவள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவங்க பிள்ளை. இம்புட்டு நாளும் நமக்குக் காவல் இருந்திருக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் மகளை மடியில் வைத்து, நேராகவே கேட்டோம். அவள் மறைக்கவெல்லாம் இல்லை. எல்லாம் எங்களுக்கும் தெரிந்ததுதானே என்பதுபோலச் சொன்னாள். தூங்கினால் பாப்பாக்கள் வந்துவிடும். நாம் பார்க்காமல் இருந்தால் அந்தத் தளவாய்புரத்து மாமா காலையில் வந்து நல்ல பாப்பாவைப் பைக்குள் வைத்து எடுத்துப் போய்விடுவார். அதனால் முதலில் எழுந்து, நமக்கு வேண்டியதை எடுத்து மெத்தையில் வைத்துவிட வேண்டும். மீதியைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

"எடுத்து வைக்கலைன்னா நமக்கு எதுவுமே இருக்காதுப்பா" என்றாள்.

நாங்கள் விளக்கிச் சொன்னோம். ஒரே பாப்பாதான் வரும். கட்டிலுக்கடியில் வராது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வரும். அதை யாரும் கேட்டு வர மாட்டார்கள், கேட்டாலும் கொடுக்க மாட்டோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ராத்திரி எழுந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். எதற்கும் பார்த்தேன் என்றாள்.

அடுத்த செக்கப்புக்கு அவளையும் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மனைவியின் ஊர். மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டரம்மாவே இதற்கும் பார்த்தார். மனைவியின் தங்கை வீடும் அதே ஊரில் மடவார் வளாகம் பகுதியில் இருந்தது, பிரசவ நேரத்தில் மகளை அங்கே விடுவதாகத் திட்டம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், பாப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று கண்டக்டர் தொடங்கி எல்லோரிடமும் சொன்னாள்.

டாக்டரம்மாவிடம் நடந்ததையெல்லாம் நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கொஞ்சங்கூடச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். மகளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, எத்தனை பாப்பா என்று கேட்டார். ஆறு என்று விரல் காட்டினாள். அதில் ஒன்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, வேண்டுமானால் உங்களுக்குத் தருகிறேன் என்றும் சொன்னாள். டாக்டரம்மா மனைவியின் வயிற்றில் கருவியை வைத்து, மகளுக்கு இதயத் துடிப்பைக் கேட்க வைக்கப் பார்த்தார். என் மனைவி சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கி, துடிப்பு கேட்காமல் கரகர என்று ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவதுபோலச் சத்தம் வந்தது. டாக்டரம்மாவும் அதற்குமேல் தாங்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. குதிரை ஓடுவதுபோல வேகமாக, தடதடவென்று. மகள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஒரே சத்தந்தான கேக்குது? ஆறு இருந்தா ஆறு கேக்கும். நான் நல்லா பாத்துட்டேன்டா, ஒண்ணுதான்" என்றார் டாக்டரம்மா.

மகள் நம்பினாள். எங்கள் பேச்சை நம்பாதவள் அந்தச் சத்தத்தை நம்பினாள். ஆனால் முகம் வாடிவிட்டது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்படியானால் ஆட்டோ மாமாவுக்கு என்ன சொல்வது?

எனக்கும் அது பெரிய கேள்வியாகவே பட்டது. கொடுத்த வாக்கு வாக்குதானே. மறுநாள் லீவு போட்டேன். மனைவி, நீங்கள் இருவரும் ஒரே வயதா என்று கேட்டுவிட்டு, எங்களை வழியனுப்பினாள். என் மொபெட்டில் மகளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, சொல்லி வைத்தவர்களிடமெல்லாம் போய், இல்லை என்று சொல்லிவரக் கிளம்பினோம்.

ஆட்டோ டிரைவர் ஸ்டாண்டில் இருந்தார். மகள் இறங்கிப் போய், ஒன்றுதான் வருகிறது, உங்களுக்கு இல்லை என்றாள். அவர் நெஞ்சில் கை வைத்து, நான் தொட்டில்கூடக் கட்டிவிட்டேனே என்றார். மகள் ரொம்ப நேரம் யோசித்து, தொட்டிலில் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொன்னாள். ஸ்டாண்டே அதிர்ந்தது. மிஸ்ஸை பள்ளிக்கூட வாசலில் பார்த்தோம். எனக்கு வகுப்பில் இருக்கிற பாப்பாக்களே போதும் என்று அவர் உடனே விட்டுக்கொடுத்தார், நிம்மதியாகத் தெரிந்தார். பூக்கார அம்மாதான் சுலபமாக விடவில்லை.

"ஏட்டி, ஒண்ணுன்னா அந்த ஒண்ணை எனக்குத் தா. நாந்தான மொத கேட்டேன்" என்று வம்புக்கு இழுத்தார்.

மகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அது எங்க வீட்டுக்கு, அது எங்க வீட்டுக்கு என்று அழுகிற குரலில் சொன்னாள். அந்த அம்மா பதறிப்போய், விளையாட்டுக்குச் சொன்னேன் தாயி, உங்க பிள்ளை உங்களுக்குத்தான், ஆர் கேட்டாலும் தராதே என்று கன்னத்தைத் தடவி, இரண்டு கண்ணி மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டார். மில் வாசலில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டி, அப்போ இதுக்கு என்னதான் வழி என்று கேட்டார். மகள் தன் தலையில் இருந்த மல்லிகையைக் கொஞ்சம் பிய்த்து அவர் தொப்பிக்குள் வைத்தாள். அன்று சாயங்காலம் ஷிஃப்ட் மாறும்வரை அவர் அதை எடுக்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

எல்லோரிடமும் சொல்லி முடித்தாயிற்று. எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருப்பதாகத் தோன்றியது. மொபெட்டைத் திருப்பினேன். சேத்தூர் வழியாகத் தளவாய்புரத்துக்கு விட்டேன். வெயில் ஏறியிருந்தது, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மகள் முன்னால் நின்று காற்றுக்கு வாயைத் திறந்து ஆ என்று கத்திக்கொண்டே வந்தாள். நானும் கத்தினேன். எதிரே பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வெட்கமாகவே இல்லை.

நைட்டி எடுக்க வரும் அந்த அண்ணன் வீட்டு வாசலில் ஒரு நாய் பாய்ந்து வந்தது. வெள்ளையாக, ஒல்லியாக, கால்கள் மட்டும் நெடுநெடுவென்று, மூக்கு அதே ரோஸ். மகள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அவள் காதை நக்கியது. மகள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் வெளியே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் பாப்பாலாம் வேண்டாம் தாயி. இந்த ஒண்ணே எங்க வீட்டுல எல்லார் செருப்பையும் தின்னுட்டு. இனிமே என் பையில நைட்டி மட்டுந்தான் போவும்" என்றார். பையைக் கொண்டுவந்து கவிழ்த்தும் காட்டினார். மகள் உள்ளே தலையை விட்டுப் பார்த்துத் திருப்தியானாள்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள். ஆனால் கட்டிலுக்கடியில் பார்க்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, நாம் எல்லோரும் தூங்கிவிட்டால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். பழகிவிட்டது போலும், காவல் வேலையை விட முடியவில்லை. எனக்குக் கையில் இருந்த ஒரே அறிவு மில் அறிவுதான். மறுநாள் காலையில் உட்கார்ந்து ஷிஃப்ட் பேசினேன். காலையிலிருந்து மதியம்வரை அம்மாவே பார்த்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து படுக்கும்வரை நீ. ராத்திரி முழுவதும் அப்பா. ஒருத்தர் ஷிஃப்ட்டில் இன்னொருத்தர் வரக் கூடாது, வந்தால் மேனேஜர் திட்டுவார். அவளுக்கு ஷிஃப்ட் என்றால் என்னவென்று பிறந்ததிலிருந்து தெரியும். மில் சங்கு ஊதினால் அப்பா போவார், வருவார். பெரிய மனுஷியாகத் தலையாட்டி ஒப்புக்கொண்டாள். படுக்கப் போகும்போது என்னிடம் வந்து, சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், ரெண்டு தடவை சிரித்தாள் என்று அம்மாவைப் பற்றி எல்லாம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

முதல் சில நாள் எழுந்தாள். எழுந்து என்னைத் தட்டி, "நைட் ஷிஃப்ட்ல தூங்கக் கூடாதுப்பா" என்பாள். மில்லில் சூப்பர்வைசர் ஒருவரும் என்னை அப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. நான் தூக்கத்திலேயே, முழிச்சுத்தான் இருக்கேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். என் மனைவி சொல்கிறாள், மகள் எழாத ராத்திரிகளிலும் நான் அப்படிச் சொன்னேனாம். பிறகு எழுவது குறைந்தது. ஒருநாள் விடிந்து, காகம் கத்தி, பால்காரர் மணி அடித்து, அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் திடுக்கிட்டு எழுந்தோம். அன்று யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போகவில்லை.

வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மகள் ஃபேனுக்கு அடியில் கை கால் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் நின்று, ஏங்க, ஆட்டோவுக்குச் சொல்லுங்க என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் ஒரு பையை எடுத்துக் கீழே வைத்து, மறுபடி எடுத்து, பீரோவைத் திறந்து, என் சட்டை ஒன்றை அதற்குள் திணித்தேன். மகளை எழுப்புவதாக நாங்கள் வாக்குக் கொடுத்திருந்தோம். எழுப்பினேன். குலுக்கினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அத்தனை நாள் ஊசி விழுந்தாலும் எழுந்தவள், அசையவில்லை. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆட்டோ டிரைவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து நின்றார். பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி சாமி கும்பிட்டு எங்களை ஏற்றிவிட்டார். ராஜபாளையம் தாண்டும்வரை ஆட்டோ டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வழியில் ஒரு மாட்டுக்கும், ஆள் இல்லாத ரோட்டுக்கும்கூட அடித்தார். ஊரைத் தாண்டிய பிறகுதான் என் தோளில் ஒரு தலை நிமிர்ந்தது. ஆட்டோவையும் அம்மாவையும் பார்த்தாள்.

"வந்துருச்சா?"

மனைவிக்கு அப்போது ஒரு வலி வந்து போயிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் வரலட்டி. நீ முழிக்கட்டும்னுதான் இருக்கு" என்றாள்.

மகள் என் மடியிலிருந்து இறங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது என் ஷிஃப்ட்தான் என்று என்னிடம் சொன்னாள். வலியும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் ஒரு முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்து, அண்ணாச்சி, நீங்க தைரியமா இருங்க என்று என்னைத்தான் தேற்றினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவியின் தங்கை காத்துக்கொண்டிருந்தாள். மகளை மடவார் வளாகத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள், அவள் மறுத்துவிட்டாள். அம்மாவை உள்ளே கொண்டுபோன கதவுக்கு எதிரே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சித்தி வாங்கிவந்த பால்கோவாவைக் கதவைப் பார்த்தபடியே தின்றாள். நான் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா, நீ நடந்தா எனக்குக் கதவு தெரியலை என்று சொல்லி என்னை உட்கார வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. தம்பி. தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டரம்மாவே வெளியில் வந்து சொன்னார், என்னிடம் இல்லை, மகளிடம். நான் சொன்ன மாதிரி ஒன்றுதான் என்றும் சொன்னார்.

துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். மகள் கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். கண் திறந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள். நாய்க்குட்டிகள் கண் திறக்கப் பல நாள் ஆகியிருந்தது. அவன் கையில் விரலைக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் சத்தமில்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பு அந்தச் சின்ன முகத்துக்குள் எப்படி அடங்கியது என்று தெரியவில்லை. எடை பார்க்க நர்ஸ் குழந்தையைத் தூக்கியபோது மட்டும், எங்க கொண்டு போறீங்க என்று கேட்டு, அவர் உடுப்பைப் பிடித்துக்கொண்டே கூடப் போய், கூடவே திரும்பி வந்தாள்.

சில நாளில் ராஜபாளையம் திரும்பினோம். வந்த அன்று ராத்திரி மகன் அழத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. பாலுக்கு அழுதான், பால் குடித்ததற்கு அழுதான், பிறகு எங்களுக்கே காரணம் புரியாதபடி அழுதான். நானும் மனைவியும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். மகள் கட்டில் நடுவில் குறுக்கே படுத்து, ஒரு கால் தலையணைமேல், வாய் லேசாகத் திறந்து, இம்மிகூட அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்றாள். நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றேன். அதற்கும் சிரித்தாள். மகன் அழுகையை ஒரு நொடி நிறுத்தி, எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கினான்.